ஒரு கால் குட்டையான மெஷின்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அம்மாவும் நானும் நலம். நீங்களும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் வந்து உங்கள் சாமான் அறையில் நில அதிர்வைப் பதியும் என் பெட்டியைப் புதைத்து, கைவிட்ட பழைய போர்வெல்லுக்குள் கயிறு கட்டி நீர்மட்டம் அளக்கும் ஒரு கருவியைத் தொங்கவிட்டு, தங்கச்சி துடைத்து வைத்த தரையெல்லாம் சேறாக்கிவிட்டு வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சாப்பிடும்போது, “அப்படி என்னதான் மச்சான் கேக்கப் போறீங்க எங்க வீட்டுத் தரைக்குள்ள?” என்று கேட்டீர்கள். வாயில் சோறு இருந்ததால் சரியாகச் சொல்லவில்லை. பூமிக்கடியில் இரண்டு பாறைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கின்றன. சட்டென்று வழுக்கினால் அது எல்லோருக்கும் தெரிந்த நிலநடுக்கம். அலமாரி விழும், ஊர் அலறும். அதே பாறைகள் சில சமயம் நாள்கணக்கில் மெல்ல மெல்ல நழுவும். டம்ளரில் தண்ணீர்கூட அலம்பாது. மண்ணுக்குள் லேசான உறுமல் மட்டும் கேட்கும். ஏன் அப்படி மெதுவாக நழுவுகிறது என்றால், நடுவே சிக்கிக்கொண்ட தண்ணீர்தான் காரணம் என்பது என் கட்சி. வெளியே போக வழியில்லாமல் முறுக்கேறி நிற்கும் அந்தத் தண்ணீர் மேல் பாறையைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீர் கொட்டிய தரையில் பீரோவைத் தள்ளிப் பாருங்கள், புரியும்.

இதில் ஒரே ஒரு தொல்லை. அந்த உறுமலும் ஒரு மோட்டார் ஓடும் அதிர்வும் என் பெட்டிக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எனக்குத் தெரியும், அதைக் கழித்துவிடுவேன். வேறு ஏதாவது மெஷின் உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ ஓடுகிறதா? கூச்சப்படாமல் எழுதுங்கள். பின்னால் இருக்கும் கொட்டகை பூட்டியிருந்தது, சாவியைக் காணோம் என்றீர்கள். உள்ளே என்ன, பழைய சாமான்தானே?

மாதம் ஒருமுறை பெட்டியில் இருக்கும் மெமரி கார்டைக் கழற்றி, தபாலில் அனுப்பிவிடுங்கள். கூட நாலு வரி எழுதிப் போட்டால் சந்தோஷப்படுவேன். இங்கே ஆய்வு நிலையத்தில் என் பிரிவுக்கு ‘சும்மா கிடக்கிற செக்‌ஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வருஷமும் ஒன்றும் அகப்படவில்லை என்றால் இழுத்து மூடிவிடுவார்கள்.

மொட்டை மாடி முழுக்க வெள்ளை விரிப்பாகக் காய்ந்துகொண்டிருந்ததே, அத்தனை விருந்தாளிகளும் என்னைக் கண்டு ஓடிவிட்டார்களா? மண்ணான என் வெள்ளைச் சட்டையையும் அங்கேயே விட்டுவிட்டேன். பத்திரம்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


மார்ச் 29

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். முதல் கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கழற்றும்போது பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். உங்கள் பெட்டி அதையும் எழுதி வைத்திருக்கும்.

மெஷினா? இந்த வீட்டில் ஓய்வில்லாமல் ஓடுவது உங்கள் தங்கையின் வாய் ஒன்றுதான். இதை எழுதும்போது அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் படித்துக்கொண்டிருந்தாள், தலையில் ஒரு குட்டு விழுந்தது. மற்றபடி மெஷின் எதுவும் இல்லை. கொட்டகையில் பழைய சாமான்தான். விரிப்புகள் பக்கத்து வீட்டாருடையவை. அவர்கள் மாடியில் கொடி கட்ட இடமில்லை.

ஆபீசில் வருஷக் கணக்கு முடிக்கும் நேரம். தலை தூக்க முடியவில்லை. அதனால்தான் கார்டு சற்றுத் தாமதம்.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: ஒரு மெஷின் எவ்வளவு தூரம் தள்ளி இருந்தால் உங்கள் பெட்டிக்குத் தெரியாமல் இருக்கும்?

உங்கள் சட்டையைத் தங்கை ஊறப் போட்டிருக்கிறாள். கறை போக நாளாகும் என்கிறாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், அதனால் இப்போதைக்கு நீங்கள் வர வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னாள். அத்தையை நாங்கள் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஆகஸ்ட் 2

என் அருமை மாப்பிள்ளைக்கு,

அகப்பட்டுவிட்டது! உட்கார்ந்து எழுதக்கூட முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய கார்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். நாலைந்து நாள் உறுமல், அப்புறம் ஒரே அமைதி, பிறகு மறுபடி உறுமல். உறுமல் வரும் நாட்களில் எல்லாம் பழைய போரில் நீர்மட்டம் இறங்குகிறது. உறுமல் நின்றதும் மெல்ல ஏறுகிறது. இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு வருகின்றன, மாப்பிள்ளை! பாறைக்கு நடுவில் இருக்கும் தண்ணீர் பாறையை நழுவவைக்கிறது, நழுவும்போது எங்கேயோ வழி கண்டுபிடித்து ஓடுகிறது என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேனே, அது அப்படியே எழுதிக் கொடுத்ததுபோல் வந்திருக்கிறது.

இயக்குநர் தானாக என் அறைக்கு வந்து கைகொடுத்தார். அந்த ஆள் இதுவரை என் அறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பத்திரிகையிலும் போட்டுவிட்டார்கள், வெட்டி அனுப்பியிருக்கிறேன். ‘ஆய்வாளரின் உறவினரான நிறுவன மேலாளர் ஒருவரின் வீட்டில்’ என்று இருக்கிறது பாருங்கள், அது நீங்கள்தான். நான்தான் சொல்லிப் போடச் சொன்னேன். உறுமல் வந்த வாரங்களும் அதிலேயே இருக்கின்றன.

ஒரு சின்னச் சடங்கு பாக்கி. ஒரே வீட்டில் ஒரே பெட்டியில் அகப்பட்டதை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுவதா என்று சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். அதனால் வெளி நிறுவனத்திலிருந்து ஒரு அம்மா அடுத்த மாதம் தன் சொந்தக் கருவிகளோடு உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்து பார்ப்பார். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். அவருக்கும் அதுவே தெரிந்துவிட்டால் என் பிரிவை அசைக்க ஆள் கிடையாது. காபி மட்டும் நன்றாகப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

பேரன்புடன்,
மச்சான்


ஆகஸ்ட் 17

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொட்டகைக்குள் இருப்பது பழைய சாமான் இல்லை. சலவை மெஷின். வீட்டில் வைத்துக்கொள்வது போன்றதில்லை, ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய மெஷின்.

எங்கள் கம்பெனியை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் வேலை தேடினேன். காலையில் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். என் வயசைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில், கம்பெனியில் இருந்தபோது பழக்கமான லாட்ஜ் முதலாளி, “விரிப்பு தலையணை உறையெல்லாம் துவைச்சுக் குடுக்கறீங்களா சார்?” என்று கேட்டார். அந்த ‘சார்’தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் சரி என்றேன். மெஷின் அவர் ஓரங்கட்டி வைத்திருந்தது. தண்ணீர் புதிய போரிலிருந்து எடுக்கிறோம்; உங்கள் கருவி தொங்கும் பழைய போருக்குப் பக்கத்தில்தான். நான் துவைத்துப் பிழிகிறேன், உங்கள் தங்கை இஸ்திரி போடுகிறாள். தெருவுக்கே தெரியும், மச்சான். வேன் வந்து நின்றால் எதிர்வீட்டுக்காரர் மூட்டைக்கு ஒரு கை கொடுப்பார். உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியாது. “என் தங்கச்சிக்கு மேனேஜர் மாப்பிள்ளை” என்று கல்யாணத்தில் நீங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அந்த முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் பெட்டி வைக்க வருகிறீர்கள் என்றதும் அந்த இரண்டு நாளும் மெஷினை நிறுத்திக் கொட்டகையைப் பூட்டினேன். விரிப்புகளை எடுக்க மறந்துவிட்டோம்.

நீங்கள் அனுப்பிய பத்திரிகைத் துண்டைப் படித்தேன். அதில் இருக்கும் வாரங்களைப் பார்த்தேன். கல்யாணக் கோஷ்டி வந்து லாட்ஜை நிரப்பிய வாரம். பரீட்சை எழுதப் பிள்ளைகள் வந்து தங்கிய வாரம். மருந்துக் கம்பெனிக் கூட்டம் நடந்த வாரம். பூமி நழுவியதாக நீங்கள் சொல்லும் அத்தனை வாரமும் நாங்கள் இங்கே விரிப்பு அலசிக்கொண்டிருந்தோம்.

நீங்கள் கூச்சப்படாமல் எழுதச் சொன்னீர்கள். கூச்சப்பட்டுத்தான் இல்லை என்று எழுதினேன். உங்கள் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். அப்போதும் எழுதியிருப்பேனோ என்னவோ.

இப்போது ஒரு யோசனை. சொல்லவே நாக்குக் கூசுகிறது. அந்த அம்மா இருக்கும் வாரத்தில் கொட்டகையைப் பூட்டி வைத்து, மெஷினை மட்டும் அவர் வெளியே போகும் நேரமாகப் பார்த்து ஓட்டினால், உங்களுக்குத் தெரிந்ததே அவருக்கும் தெரியும். கருவியைப் பார்ப்பாரே தவிரக் கொட்டகையைப் பார்க்க மாட்டார். உங்கள் பெயர் நிற்கும். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி.

மன்னியுங்கள்.
மாப்பிள்ளை


ஆகஸ்ட் 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே நாலு நாளாக விடாமல் மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. புது மருந்து கேட்கிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன், அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அம்மாவிடமும் எதுவும் சொல்லவில்லை.

இங்கே வேலை அதிகம். இயக்குநர் அடுத்த வருஷத்துக்கான திட்டத்தை எழுதச் சொல்லியிருக்கிறார். பிரிவுக்குப் புதிதாக இரண்டு பேரை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா செப்டம்பர் பத்தாம் தேதி வருகிறார். தினமும் மத்தியானம் சாப்பிடக் கடைவீதிக்குப் போவார் என்று நினைக்கிறேன். அந்த வாரம் லாட்ஜில் கூட்டம் இருக்குமா? சும்மா கேட்டேன்.

என் சட்டையில் கறை போனதா? அவசரமில்லை.

அன்புடன்,
மச்சான்


செப்டம்பர் 19

மச்சானுக்கு,

லாட்ஜில் கூட்டம் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இருந்தது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாங்கள் இரண்டு வருஷம் எப்படி இருந்தோம், என்ன சாப்பிட்டோம் என்று ஒரு வார்த்தை எங்கேயாவது மடிப்பில் ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். அவள் ஒரே ஒரு முறை படித்தாள். மேசைமேல் வைத்துவிட்டு இஸ்திரி போடப் போய்விட்டாள். அன்றைக்கு அந்த வாய் ஓடவே இல்லை.

கேவலமான யோசனையைச் சொன்னது நான்தான், மறுக்கவில்லை. உங்களைத் திட்டும் யோக்கியதை என் வாய்க்குக் கிடையாது. ஆனால் நீங்கள் “சீ, என்ன மாப்பிள்ளை இது” என்று நாலு சாத்து சாத்துவீர்கள் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த மனிதருக்கு முன்னால் தலை காட்ட முடியாது என்று நான் கூனிக் குறுகிக் கிடந்தேனே, அவரா ‘சும்மா கேட்டேன்’ என்று எழுதுகிறார்? அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த அம்மா வந்து கருவிகளைப் புதைத்துவிட்டு முற்றத்தில் குடைபோல் ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் மூன்று நாள் மெஷினைத் தொடவில்லை. தரை செத்ததுபோல் கிடந்தது. லாட்ஜிலிருந்து மூட்டை வந்து குவிந்து, “என்ன சார், விரிப்பு இல்லாம ரூம் எப்படிக் குடுக்கறது?” என்று முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். நாலாம் நாள் காலையில் அந்த அம்மாவிடம் போய், “அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க” என்றேன். கொட்டகையைத் திறந்தேன். அவர் மெஷினைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மடித்த விரிப்பு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“ஓட்டுங்க” என்றார்.

ஓட்டினேன். பிழியும் கட்டம் வந்ததும் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கு என்ன தெரியும், புழு நெளிகிற மாதிரி இருந்தது.

“இதேதான்” என்றார். “ஒழுங்கா நின்னு ஓடற மெஷினா இருந்தா கோடு போட்ட மாதிரி சீரா தெரிஞ்சிருக்கும். அவரே கண்டுபிடிச்சிருப்பார். இதுக்கு ஒரு கால் குட்டை. பலகை வெச்சு முட்டுக் குடுத்திருக்கீங்க. ஆடி ஆடி ஓடறதால பூமி மாதிரியே இருக்கு. தண்ணியும் பக்கத்துலயே உறிஞ்சுது. யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போவாங்க.”

கம்ப்யூட்டரை மூடிக்கொண்டே, “மெஷின் இருக்கான்னு அவர் உங்ககிட்ட கேட்டாரா?” என்றார்.

“கேட்டாருங்க. நான்தான் இல்லைன்னு எழுதினேன்.”

“அப்புறம்? அவருக்கு எப்பவாவது தெரிஞ்சுதா?”

“தெரியாதுங்க” என்றேன்.

இதற்காக நன்றி சொல்லி எனக்கு எழுத வேண்டாம். இனிமேல் நான் யாரிடமும் எதையும் மறைப்பதாக இல்லை. அத்தையிடமும் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு பொய்யை மட்டும் உங்களுக்காகச் சொன்னேன், அதோடு சரி.

இந்தப் பொட்டலத்தில் கார்டு இல்லை. உங்கள் சட்டை இருக்கிறது. அந்த மெஷினில்தான் துவைத்தது. கறை போய்விட்டது. பெட்டியை எடுத்துக்கொள்ள யாரையாவது அனுப்புங்கள்.

மாப்பிள்ளை


அக்டோபர் 8

மாப்பிள்ளைக்கு,

‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை. போட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

சட்டை வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் இயக்குநர் கூட்டிய கூட்டத்துக்குப் போனேன். அந்த அம்மாவின் அறிக்கையைப் படித்தார்கள். ‘வீட்டுக்காரர் தகவலை மறைத்திருக்கிறார், ஆய்வாளர்மீது தவறில்லை’ என்று இருந்தது. இயக்குநர், “போகட்டும் விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க? வீட்டுக்காரர் இல்லைன்னுட்டாரு” என்று என் தோளைத் தட்டினார். அப்படியே உட்கார்ந்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஒரு நிமிஷம் உட்கார்ந்துதான் இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு எழுந்து சொன்னேன். பெட்டி வைத்த அன்றைக்கே மாடியில் அத்தனை விரிப்புகளைப் பார்த்தேன் என்றும், பூட்டிய கொட்டகையைப் பார்த்தேன் என்றும், கேலி செய்துவிட்டு மேலே கேட்காமல் விட்டேன் என்றும் சொன்னேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்று ஒரு மூலையில் பயம் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது உறுமல். உங்கள் ஆகஸ்ட் கடிதத்தையும் அதற்கு நான் போட்ட பதிலையும் சொன்னேன். லாட்ஜில் கூட்டம் இருக்குமா என்ற அந்த வரியை அப்படியே சொன்னேன். யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிவை மூடுகிறார்கள். என்னை நூலகத்தில் பழைய பதிவுகளைச் சரிபார்க்கப் போட்டிருக்கிறார்கள். நூலகத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பத்திரிகைக்காரருக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். நிறுவன மேலாளர் இல்லை, என் மாப்பிள்ளை சலவைத் தொழில் செய்கிறார், உண்மையைச் சொன்னது அவர்தான் என்று எழுதினேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்பென்றால் அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். உங்கள்மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். “அவர் கையைப் பிடிச்சுத்தானேடா விடைபெற்று வந்த? அந்தக் கை எப்படியிருந்துதுன்னு உனக்குத் தெரியலையா?” என்று கேட்டாள். தெரிந்தது, மாப்பிள்ளை. விரல் நுனியெல்லாம் வெடித்துச் சொரசொரப்பாக இருந்தது. பஸ்ஸில் ஏறியதும் மறந்துவிட்டேன். அம்மா இப்போதும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

தங்கச்சி ஒரு வரிகூட எழுதவில்லை. அவள் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. இரண்டு வருஷம் அவள் எப்படியிருந்தாள் என்று கேட்க எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது, அதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பெட்டியை எடுக்க ஆள் அனுப்பவில்லை. இருபத்திரண்டாம் தேதி நானே வருகிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பெட்டியை வாசலில் வைத்துவிடுங்கள். மணி அடிக்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுவேன், மனத்தாங்கல் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

வாசலில் பெட்டி இல்லையென்றால் உள்ளே வருவேன். மெஷினின் குட்டைக் காலுக்கு இங்கே பட்டறையில் ஒரு இரும்புக் கட்டை செய்யச் சொல்லியிருக்கிறேன். பலகை வைத்து ஓட்டினால் மெஷினும் கெடும், சுவரும் விரிசல் விடும்.

அந்த வாரம் லாட்ஜில் கூட்டம் இருக்குமா? இருந்தால் சொல்லுங்கள், இரண்டு நாள் கூடுதலாக விடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறேன். ஈர விரிப்புகளை மாடிக்குத் தூக்க ஒரு ஆள் இருக்கட்டும்.

மச்சான்